திரைப்பாட்டில் ஒரு வாழ்வறம்

மக்கள் கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் வாழ்க்கை வரலாறு

நுழையும்முன்

திரைப்படப் பாட்டு, ஒரு கதையில் வரும் ஒரு காட்சிக்காக எழுதப்படுவது. படம் திரையரங்கை விட்டு நீங்கியதும் பெரும்பாலான பாட்டுகள் அதனோடு மறைந்துவிடுகின்றன. சில பாட்டுகள் மட்டும் கதையைவிட்டுப் பிரிந்து வயலிலும் தறிமேடையிலும் அடுக்களையிலும் வாழத் தொடங்குகின்றன. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் மட்டுமே திரைக்கு எழுதி, இருபத்தொன்பது வயதில் மறைந்த ஒருவரின் பாட்டுகள் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்வாறு வாழ்கின்றன. ஊதியத்திற்கு எழுதிய பாட்டில் அவர் அறத்தை எவ்வாறு வைத்தார்? அதற்கான சொற்களை எங்கிருந்து பெற்றார்? இப்பாடம் அவற்றைக் கூறுகிறது.

கடைமடையில் ஒரு பிறப்பு

பட்டுக்கோட்டைக்கு அருகிலுள்ள செங்கப்படுத்தான்காடு என்னும் சிற்றூரில் 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் கல்யாணசுந்தரம் பிறந்தார். தந்தையார் அருணாசலனார், தாயார் விசாலாட்சி அம்மையார். எளிய உழவர் குடும்பம். அக்குடும்பத்தின் இளைய மகன் அவர்.

தஞ்சை மாவட்டம் என்றவுடன் ஆறுகளும் பசுமையான வயல்களும் நம் நினைவுக்கு வரும். பட்டுக்கோட்டைப் பகுதியின் நிலை வேறு. காவிரிப் படுகையின் தென்கோடியில், கடலை ஒட்டி அமைந்த மேட்டுப்பாங்கான நிலம் அது. மேட்டூர் அணைத் திட்டத்துடன் இணைந்து வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய் 1934ஆம் ஆண்டளவில் பயன்பாட்டுக்கு வரும்வரை, ஏரியையும் குளத்தையும் வானத்தையும் நம்பியே அங்கு உழவு நடந்தது. வயல் ஒருபுறம், தென்னந்தோப்பு ஒருபுறம், உப்பளமும் மீன்பிடிக் கரையும் மற்றொருபுறம் என ஒரு சிறு வட்டத்திற்குள் பலவகை உழைப்பும் அமைந்திருந்த நிலம் அது. பின்னாளில் கவிஞரின் பாட்டுகளில் ஏரும் தறியும் ஆலையும் அடுத்தடுத்து இடம்பெறுவதற்கான விதை இந்நிலத்திலேயே ஊன்றப்பட்டது.

தந்தையார் கவிபாடும் ஆற்றல் உடையவர். முசுகுந்த நாட்டு வழிநடைக் கும்மி என்னும் நூலை இயற்றியவர். கும்மி என்பது கைகொட்டி ஆடுவோர் பாடும் பாட்டு. அதில் சொல் தாளத்தைவிட்டு விலகுதல் ஆகாது. கேட்போர் நின்று பொருள் தேடவும் நேரம் இராது. கேட்ட அளவில் விளங்கி, உடனே திரும்பப் பாடும்படி அமையவேண்டும். இந்த இலக்கணத்தை ஏட்டில் கற்பதற்கு முன்பே வீட்டில் செவிவழியாகக் கேட்டு வளர்ந்தார் கல்யாணசுந்தரம். பள்ளிப்படிப்பு அவருக்குச் சில காலமே வாய்த்தது. எழுத்தறிவு பெற்றபின் அவருக்குக் கல்விக்கூடமாக அமைந்தவை வயலும் தெருவும் மேடையுமே.

பல தொழில்கள், ஒரு பாடம்

கவிஞர் தம் இளமைக் காலத்தில் செய்த தொழில்களைப் பதினேழு என எண்ணிக் கூறுவர் அவர் வரலாற்றை எழுதியோர். உழுதார், மாடு மேய்த்தார், மாட்டு வணிகம் செய்தார். மாம்பழம், தேங்காய், தென்னங்கீற்று, முறுக்கு, இட்லி ஆகியவற்றை விற்றார். மீனும் நண்டும் பிடித்தார். உப்பளத்தில் வேலை செய்தார். தண்ணீர் வண்டி ஓட்டினார். இயந்திரம் இயக்கும் வேலையையும் பார்த்தார். பின்னர்ப் பாடகராகவும் நடிகராகவும் மேடையேறினார்.

இப்பட்டியலை வறுமையின் கதையாக மட்டும் படித்தால் அதன் பயன் முழுமையாகப் புலப்படாது. ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்த சொற்களும் தனித்த ஓசையும் உண்டு. ஏற்றம் இறைப்பவர் பாட்டும் நடவு நடுபவர் பாட்டும் வண்டிக்காரர் பாட்டும் வெவ்வேறு நடை கொண்டவை. உடலின் அசைவு மாறும்போது பாட்டின் சீரும் மாறுகிறது. சந்தையில் பொருள் விற்பவர் தம் குரலால் கூட்டத்தை நிறுத்தவேண்டும். இல்லையேல் மாலையில் கூடை நிறைந்தவாறே வீடு திரும்ப நேரும். இத்தொழில்களைச் செய்து பழகியவர் எழுதும்போது, உழைப்பைத் தொலைவில் நின்று புகழும் தேவை அவருக்கு இல்லை. கை காய்த்தவரின் சோர்வும் எள்ளலும் நம்பிக்கையும் அவருடைய சொந்தச் சொற்களாகவே இருந்தன.

அக்காலத்தில் தஞ்சை மாவட்டத்தில் உழவர் இயக்கம் வலுப்பெற்றிருந்தது. நிலமற்ற உழவுத் தொழிலாளர்களையும் குத்தகை உழவர்களையும் பி. சீனிவாசராவ் முதலிய தலைவர்கள் ஒருங்கிணைத்தனர். இளைஞர் கல்யாணசுந்தரமும் அவ்வியக்கத்தில் ஈடுபட்டார். விளைவித்தவன் வீட்டில் ஏன் அடுப்பு எரியவில்லை என்னும் வினா அவருள் அப்போதே வேர்கொண்டது. பின்னர் அவர் எழுதிய பாட்டுகள் பலவற்றின் அடியில் இவ்வினா நிற்கிறது.

நாடக மேடையும் புதுவையும்

பாட்டில் ஆர்வம் கொண்ட இளைஞருக்கு நாடகக் குழுக்களே அக்காலத்தில் வாயிலாக அமைந்தன. கல்யாணசுந்தரம் சக்தி நாடக சபாவில் சேர்ந்து நடித்தார். நாடக மேடை அவருக்கு ஒன்றைக் கற்றுத்தந்தது. ஒரு பாத்திரம் பாடும்போது அப்பாத்திரத்தின் வயதும் தொழிலும் மனநிலையும் பாட்டில் தெரியவேண்டும். கவிஞன் தன் கருத்தைக் கூற விரும்பினாலும் அதைப் பாத்திரத்தின் வாயால், அதற்குரிய சொல்லால் கூறவேண்டும்.

பின்னர்ப் புதுவைக்குச் சென்று பாவேந்தர் பாரதிதாசனிடம் தமிழ் பயின்றார். அவர் நடத்திய குயில் இதழிலும் பணியாற்றினார். பாவேந்தரிடம் அவர் கொண்டிருந்த பற்று பெரிது. எழுதத் தொடங்கும்போது ஆசிரியரை வாழ்த்தி எழுதிய பின்னரே அடுத்த சொல்லை எழுதும் வழக்கம் அவரிடம் இருந்தது. எளிய சொல்லில் யாப்பு பிழையாமல் பாடும் பயிற்சியும், மூடநம்பிக்கையை அஞ்சாது மறுக்கும் துணிவும் அவருக்குப் புதுவையில் உறுதிப்பட்டன. தந்தையிடம் பெற்றது நாட்டுப்புற ஓசை. பாவேந்தரிடம் பெற்றது மரபுக்கவிதையின் கட்டமைப்பு. இவ்விரண்டும் ஒன்றியதே அவருடைய நடை.

திரையின் வாசலில்

1950களின் நடுப்பகுதியில் கவிஞர் சென்னையில் வாழ்ந்தார். ஜீவானந்தம் முதலியோர் வளர்த்த ஜனசக்தி இதழில் அவருடைய கவிதைகள் வெளியாயின. படித்த பெண் என்னும் படத்திற்காகத் திரையில் தம் முதற்பாட்டை எழுதினார். உடுமலை நாராயணகவி திரைப்பாட்டில் சீர்திருத்தக் கருத்துகளை முன்பே புகுத்தியிருந்தார். மருதகாசியும் கண்ணதாசனும் புகழுடன் எழுதிவந்தனர். அத்தகைய களத்தில் புதியவர் ஒருவர் இடம்பெறுவது எளிதன்று.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் எடுத்த பாசவலை (1956) படத்தின்போது நிகழ்ந்ததாக ஒரு செய்தியைக் கூறுவர். புதியவரின் பாட்டை ஏற்க இசையமைப்பாளர் எம்.எஸ். விஸ்வநாதன் முதலில் தயங்கினார். நெருக்கடியான வேலைக்கு நடுவே அறிமுகமில்லாத ஒருவரைக் கொண்டு எழுதிப் பார்க்க அவர் விரும்பவில்லை. ஆனால் எழுதிய தாள் கைக்கு வந்து, அதைப் படித்த பின்னர் அவருடைய தயக்கம் நீங்கியது. ஓர் உயிர் மற்றோர் உயிருக்கு இரையாவதையும் இறுதியில் எல்லாவற்றையும் மண் ஏற்றுக்கொள்வதையும் ஆட்டுக்குட்டியில் தொடங்கிக் கூறிய பாட்டு அது. நிலையாமை என்னும் பழம்பொருளை மாடு மேய்ப்பவர் பேசும் மொழியில் அவர் தந்திருந்தார். சி.எஸ். ஜெயராமன் குரலில் அப்பாட்டு தமிழகமெங்கும் ஒலித்தது.

தெரியுமா?

1952ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைப் பெரிதும் குறைத்துக்கொண்டது. அக்காலத்தில் தமிழக மக்கள் இலங்கை வானொலியின் வழியாகவே திரைப்பாடல்களை மிகுதியாகக் கேட்டனர். கடல் கடந்து வந்த அலைவரிசையில் தம் ஊர்ப் பாட்டையே அவர்கள் கேட்டு மகிழ்ந்தனர்.

வீட்டை நோக்கிய பாட்டுகள்

கல்யாணசுந்தரத்தின் பாட்டுகளில் குடும்பம் பெரும் இடம் பெறுகிறது. குடும்பத்தைப் போற்றிப் பாடியோர் முன்பும் இருந்தனர். அன்பினால் மட்டும் ஒரு வீடு நடப்பதில்லை, அதற்கு அரிசியும் எண்ணெயும் வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாடியது இவருடைய தனித்தன்மை.

இரும்புத்திரை (1960) ஆலைத் தொழிலாளர் வாழ்வைக் கூறும் படம். அதில் ஊதியம் வாங்கிய தொழிலாளி ஒருவர், கையில் வாங்கிய பணம் பையை அடைவதற்குள் எங்கே போனது என்று வியந்து பாடுகிறார். கேட்பவருக்குச் சிரிப்பு வரும். மாதத்தின் முதல் வாரத்திலேயே கடனுக்கும் வாடகைக்கும் ஊதியத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு நிற்கும் ஒவ்வொரு குடும்பத்தலைவரும் அச்சிரிப்பில் தம்மைக் காண்பார். வரவுசெலவுக் கணக்கு ஒன்றைப் பாட்டாக்கி, அதனுள் ஒரு சமூகத்தின் துயரைப் பொதிந்து வைத்த திறன் வியப்புக்குரியது.

பதிபக்தி (1958) படத்தில் போர் முடிந்து வீடு திரும்பும் படைவீரர்கள் பாடும் பாட்டு ஒன்று உண்டு. தமக்காகக் காத்திருக்கும் உறவுகளை எண்ணி அவர்கள் மகிழ்ந்து பாடுகின்றனர். பின்னர் வீட்டை அடைந்த வீரனுக்கு எதிர்பார்த்த நன்மை கிட்டவில்லை, துன்பமே எதிர்கொள்கிறது. அப்போது அதே அமைப்பில், சில சொற்களை மட்டும் மாற்றி, மற்றொரு பாட்டு ஒலிக்கிறது. வீடு என்பது நம்மை வரவேற்கும் என்னும் உறுதி உடையும்போது மனிதன் படும் வேதனையை அம்மாற்றமே உணர்த்திவிடுகிறது.

இவ்வுத்தியின் சிறப்பைக் கல்யாணப்பரிசு (1959) படத்திலும் காணலாம். ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய படம் அது. ஏ.எம். ராஜா இசையமைக்க, பாடல்களைக் கல்யாணசுந்தரம் எழுதினார். தமக்கைக்காகத் தங்கை தன் காதலை விட்டுக்கொடுப்பது கதையின் மையம். தீபாவளி நாளில் மகிழ்ச்சியோடு ஒலிக்கும் பாட்டு, காலம் மாறியபின் துயரப் பாட்டாகத் திரும்ப வருகிறது. ஆடுதலைக் குறித்த சொல் வாடுதலைக் குறித்த சொல்லாகிறது. ஓர் எழுத்து மாறுகிறது; ஒரு வாழ்க்கை மாறியது நமக்குப் புரிகிறது. குடும்ப அமைதிக்காக ஒருவர் தரும் விலையை உரத்துப் பேசாமல் உணர்த்தும் முறை இது.

விழித்திரு என்னும் அறிவுரை

தன்முயற்சியைப் போற்றுதல் தமிழ் மரபில் பழமையானது. ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என அதிகாரங்கள் வகுத்தார் திருவள்ளுவர். அம்மரபைத் திரைக்குக் கொண்டுவந்த பாட்டுகளுள் நாடோடி மன்னன் (1958) படப்பாட்டு முதன்மையானது. எம்.ஜி. இராமச்சந்திரன் நடித்துத் தாமே தயாரித்து இயக்கிய படம் அது. எஸ்.எம். சுப்பையா இசையில் டி.எம். சௌந்தரராஜன் அப்பாட்டைப் பாடினார்.

தாலாட்டு குழந்தையை உறங்கவைக்கும். இப்பாட்டோ தம்பி ஒருவனை உறங்காதே என்று எழுப்புகிறது. பள்ளியில் உறங்கியவன், கடையில் உறங்கியவன், போர்க்களத்தில் உறங்கியவன் என ஒவ்வொருவரும் எதை இழந்தனர் என்று அடுக்கிச் செல்கிறது. உறக்கம் இங்கே உடலின் ஓய்வைக் குறிக்கவில்லை. வாய்ப்பு வரும்போது கவனமின்றி இருத்தலைக் குறிக்கிறது. பொறுப்பு மிக்கவர் பலர் இவ்வாறு உறங்கியதால் நாட்டின் பணிகளும் தடைப்பட்டன என்று கூறுவதன்மூலம் தனிமனிதனின் சோம்பலைச் சமூகத்தின் இழப்போடு பாட்டு இணைக்கிறது.

கவிஞர் கூறும் தன்முயற்சி தன்னலமாகச் சுருங்குவதில்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும். அதே படத்தின் மற்றொரு பாட்டில் உழவர் குலப் பெண் ஒருத்தி, வயல் விளைந்தும் நம் கை ஏன் வெறுங்கையாக இருக்கிறது என்று கேட்கிறாள். உழைப்பவன் உயர்வான் என்னும் பொது அறிவுரையோடு நின்றிருந்தால் இவ்வினா எழுந்திராது. நாள்முழுதும் உழைத்தவரிடம் நீ இன்னும் உழை என்று கூறுவது அறமாகாது. சோம்பியிருப்பவனை எழுப்பும் குரலும், உழைத்தவனுக்கு உரிய பங்கைக் கேட்கும் குரலும் ஒரே கவிஞரிடம் சேர்ந்து ஒலிப்பதே அவர் பாட்டின் வலிமை.

அரசிளங்குமரி (1961) படத்தில் சிறுவனை நோக்கிய பாட்டு ஒன்று உண்டு. உடல் வளர்வதோடு அறிவும் வளரவேண்டும். மரத்தில் பேய் இருப்பதாகச் சொல்லி அச்சுறுத்துவோரின் கதையை நம்பிக் கோழையாகிவிடக் கூடாது. வளர்ந்தபின் மக்களுக்குப் பயன்படவேண்டும் என்று அப்பாட்டு கூறுகிறது. அச்சம் ஒருவனைப் பிறரைச் சார்ந்தவனாக ஆக்கிவிடும். அச்சத்திலிருந்து விடுபடுவதே தன்காலில் நிற்பதன் முதற்படி என்பது அதன் உட்பொருள். மகாதேவி (1957) படத்தில் குறுக்குவழியில் வாழ்வு தேடுவோரைச் சாடினார். சங்கிலித்தேவன் (1960) படத்தில் கல்வியும் உழைப்பும் இணைந்தாலே முன்னேற்றம் என்று பாடினார். புதையல் (1957) படத்தில் இழைகளை இணைத்துத் துணி நெய்யும் கைத்தறியாளரின் உழைப்பைத் தறியின் ஓசைக்கு இயைந்த சந்தத்தில் பாடினார்.

இரக்கத்தின் இருவகை

திருடாதே (1961) படத்தில் ஒரு சிறுவனுக்கு அறிவுரை கூறும் பாட்டில், கவிஞரின் அருள்நோக்கை முழுமையாகக் காணலாம். திருடுவது தவறு என்று கூறுவதோடு பாட்டு முடிந்திருக்கலாம். கவிஞர் மேலும் செல்கிறார். சிறு வயதில் செய்த தவறு திருத்திக்கொள்ளக் கூடியது என்று சிறுவனுக்கு நம்பிக்கை தருகிறார். சட்டம் ஒருபுறம் தடுத்தாலும் திருட்டு தொடர்கிறதே என்று காட்டி, மனம் தானாகத் திருந்தினாலன்றித் தீமை ஒழியாது என்கிறார். உழைக்கும் எண்ணம் உறுதிப்பட்டால் கெடுக்கும் எண்ணம் வளராது என்றும், உள்ளவை பொதுவானால் ஒளித்துவைக்கும் தேவையே நீங்கும் என்றும் கூறுகிறார். தவறு செய்த சிறுவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல், அருகில் அமர்த்திக்கொண்டு பேசும் குரல் அது.

இங்கே கடலூர் மாவட்டம் உலகுக்குத் தந்த ஓர் அருளாளரை நினைவுகூர்தல் பொருந்தும். சிதம்பரத்துக்கு அருகிலுள்ள மருதூரில் 1823ஆம் ஆண்டு பிறந்த வள்ளலார், 1867ஆம் ஆண்டு வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் பசித்தோருக்கு உணவளித்துவருகிறது. பசி என்னும் துன்பத்தைக் கண்ட நொடியில் நீக்கவேண்டும் என்பது வள்ளலாரின் வழி. பசி உண்டாகும் காரணத்தையே நீக்கவேண்டும் என்பது பட்டுக்கோட்டையாரின் வழி. வள்ளலார் இறையருளில் நின்று பாடினார். பட்டுக்கோட்டையார் உழைப்பில் நின்று பாடினார். வழிகள் வேறாயினும், பிறர் துன்பத்தைத் தம் துன்பமாக உணர்ந்த உள்ளம் இருவருக்கும் பொது. இன்று பசித்தவருக்கு இன்று சோறு வேண்டும். நாளை அவர் பசியாதிருக்க வேலையும் உரிய பங்கும் வேண்டும். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மறுக்க இயலாது.

செவிவழிச் சென்ற பாட்டு

கல்யாணசுந்தரத்தின் பாட்டுகள் கற்றோர் அவையைவிடக் கல்லாதோர் வாழ்வில் ஆழமாகச் சென்றதற்கு அவற்றின் வடிவமே காரணம். அவருடைய பாட்டுகள் பலவற்றில் யாரோ ஒருவர் முன்னால் நிற்கிறார். தம்பி, சிறுவன், மச்சான், தோழன் என ஒருவரை விளித்தே பாட்டு தொடங்குகிறது. நேருக்குநேர் பேசும்போது கடினமான சொல்லுக்கு இடமில்லை. வினாவும் விடையுமாக அமையும் பாட்டுகளில் நாட்டுப்புறத் தெம்மாங்கின் சாயல் உண்டு. எதுகையும் மோனையும் இயல்பாக வந்து அமைவதால் ஒருமுறை கேட்டவர் மறப்பதில்லை. பழமொழிபோல் சுருங்கிய தொடர்கள் பாட்டை விட்டுத் தனியே பிரிந்து பேச்சுவழக்கிலும் கலந்தன.

இப்பாட்டுகள் சென்ற வழியும் எண்ணத்தக்கது. புதுவையிலிருந்து தென்மேற்கே, பெண்ணையாற்றுக்கும் கெடிலத்துக்கும் இடையே உள்ள அண்ணாகிராமம், நெல்லிக்குப்பம், பண்ருட்டி வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். கரும்பும் முந்திரியும் பலாவும் விளையும் நிலம் அது. இத்தகைய ஊர்ப்பகுதிகளில் அக்காலத்தில் கீற்றுக் கொட்டகைகளில் படம் காட்டப்பட்டது. மணல்தரையில் அமர்ந்து பார்த்தவர்கள் மறுநாள் வயலில் அப்பாட்டுகளைப் பாடினர். திருமண வீட்டிலும் திருவிழாவிலும் ஒலிபெருக்கி அவற்றைத் திரும்பத் திரும்ப ஒலித்தது. எழுத்தறியாத தாய் ஒருத்தி, பள்ளிக்குச் செல்ல மறுக்கும் மகனை எழுப்ப அப்பாட்டின் சொல்லையே எடுத்தாள முடிந்தது. உழவர் பாடிய ஓசை கவிஞரிடம் சென்று பாட்டாகி, மீண்டும் உழவரிடமே வந்து சேர்ந்தது.

குறைந்த வாழ்நாள், நிறைந்த புகழ்

கவிஞருக்கு 1957ஆம் ஆண்டு திருமணம் நடந்தது. துணைவியார் கௌரவம்மாள். அவர்களுக்கு ஆண்குழந்தை பிறந்து சில திங்களே ஆகியிருந்த நிலையில், 1959ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் நோயுற்றிருந்த கவிஞர் சென்னையில் மறைந்தார். குடும்பத்தின் அன்பைப் பாடிய அவருக்குக் குடும்ப வாழ்வு இரண்டாண்டுகளே வாய்த்தது. சிறுவர்களுக்கு அறிவுரை பாடியவர், தம் மகன் பேசத் தொடங்கும் முன்பே பிரிந்தார். அரசிளங்குமரியும் திருடாதேயும் வெளிவந்து மக்கள் பாராட்டியபோது, அவற்றில் சிறுவர்க்கு அறிவு கூறிய கவிஞர் உயிரோடு இல்லை. கண்ணதாசன் அவரை எண்ணி இரங்கற்பா பாடினார்.

திரைக்காக அவர் எழுதிய பாட்டுகள் ஏறத்தாழ 180. தமிழக அரசு 1981ஆம் ஆண்டு அவருக்குப் பாவேந்தர் விருதளித்துச் சிறப்பித்தது. தம் ஆசிரியரின் பெயரால் அமைந்த விருது அவருக்குக் கிடைத்தது பொருத்தமானதே. 1993ஆம் ஆண்டு அவருடைய படைப்புகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டு பட்டுக்கோட்டையில் மணிமண்டபம் எழுப்பப்பட்டது. மக்கள் கவிஞர் என்னும் பெயரே அவருக்கு நிலைத்தது.

திரைப்பாட்டு எழுதுவது ஒரு தொழில். இயக்குநர் காட்சியைக் கூறுவார். இசையமைப்பாளர் மெட்டைத் தருவார். கவிஞர் அவ்வெல்லைக்குள் எழுதித்தர வேண்டும். தச்சருக்கு மரத்தின் அளவும் கொத்தனாருக்குச் சுவரின் அளவும் முன்னரே தரப்படுவது போன்றது இது. அளவு பிறருடையது, வேலையின் நேர்மை தம்முடையது. பதினேழு தொழில்களைச் செய்து பழகிய கைக்கு இது புதிதன்று. எந்த வேலையையும் பிறருக்குப் பயன்படும்படி செய்யலாம் என்பதைப் பாட்டில் கூறியதோடு, பாட்டெழுதும் வேலையிலேயே செய்தும் காட்டினார் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்.

சொல்லும் பொருளும்

கடைமடை – பாசனக் கால்வாயின் இறுதிப் பகுதி
வழிநடைக் கும்மி – வழிச்செல்வோர் காணும் ஊர்களையும் காட்சிகளையும் பாடும் கும்மிப்பாட்டு
கீற்று – முடைந்த தென்னை ஓலை
மடி – சோம்பல்
ஆள்வினை – முயற்சி
தெம்மாங்கு – நாட்டுப்புற இசைப்பாட்டு வகை

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நடவு, களையெடுப்பு, கரும்பு வெட்டு, நெசவு ஆகிய வேலைகளின்போது பாடப்படும் பாட்டுகளை முதியோரிடம் கேட்டு எழுதுக. வேலையின் அசைவுக்கும் பாட்டின் தாளத்துக்கும் உள்ள தொடர்பை வகுப்பில் விளக்குக.
2. உங்கள் வீட்டின் ஒரு மாத வரவுசெலவைப் பெற்றோரிடம் கேட்டறிந்து, அதனை எட்டு அடிகளில் எள்ளல் சுவை தோன்றப் பாட்டாக எழுதுக.
3. பசித்தவருக்கு உணவளித்தல், பசியின் காரணத்தை நீக்குதல் ஆகிய இரண்டில் எது முதலில் செய்யத்தக்கது என்பது குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. கல்யாணசுந்தரம் பணியாற்றிய குயில் இதழை நடத்தியவர்
அ) உடுமலை நாராயணகவி ஆ) பாரதிதாசன் இ) ஜீவானந்தம் ஈ) கண்ணதாசன்

2. ஊதியம் பெற்ற தொழிலாளி பணம் போன இடம் தெரியாமல் பாடும் பாட்டு இடம்பெற்ற படம்
அ) புதையல் ஆ) பாசவலை இ) இரும்புத்திரை ஈ) கல்யாணப்பரிசு

குறுவினா

1. கல்யாணசுந்தரத்தின் தந்தையார் இயற்றிய நூல் யாது?
2. நாடோடி மன்னன் படப்பாட்டில் உறக்கம் எதனைக் குறிக்கிறது?

சிறுவினா

1. ஒரே பாட்டு மகிழ்ச்சியிலும் துயரிலும் ஒலிக்கும் உத்தியைச் சான்றுடன் விளக்குக.
2. வள்ளலாரின் வழியையும் பட்டுக்கோட்டையாரின் வழியையும் ஒப்பிடுக.

நெடுவினா

கல்யாணசுந்தரம் கூறும் தன்முயற்சி தன்னலமாகச் சுருங்குவதில்லை என்னும் கருத்தை அவருடைய பாட்டுகளின் பொருளைக் கொண்டு நிறுவுக.